இரும்பை விரட்டும் ஊர், இரும்பைத் தேடும் மண்

பீங்கான் வேலையில் இரும்புதான் முதல் எதிரி. வெள்ளைக் களிமண்ணையும் ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் அரைத்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கி, சல்லடையில் வடித்த பிறகு அந்தக் கூழைக் காந்தத்தின் மேல் ஓடவிடுவார்கள். சற்று நேரத்தில் காந்தத்தில் கறுப்புத் துகள்கள் குத்திட்டு நிற்கும். அவற்றைத் துடைத்தெறிந்துவிட்டு மறுபடியும் ஓடவிடுவார்கள். தப்பிப்போன ஒரு துகள் போதும். சூளையிலிருந்து இறங்கும் வெள்ளைக் கோப்பையில் ஒரு கரும்புள்ளி விழுந்துவிடும். அந்தக் கோப்பை உடனே இரண்டாம் தரத்துக்குப் போய்விடும். அரைக்கும் பந்து மில்லின் உட்புறத்தில் எஃகைத் தவிர்த்துக் கல்லோ பீங்கானோ பதிப்பதும், உள்ளே உருளக் கூழாங்கல் போடுவதும் இந்த ஒரு பயத்தால்தான்.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் இருக்கும் விருத்தாசலத்தைப் பலரும் பழமலைநாதர் கோயிலை வைத்து அறிவார்கள். ரயிலில் போகிறவர்கள் ஜங்ஷனை வைத்து அறிவார்கள். வீட்டு மெயின் போர்டில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை மாட்டியிருந்தவர்களுக்கு, தெரியாமலேயே இந்த ஊரோடு தொடர்பு இருந்திருக்கலாம். ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று சிறு பட்டறைகள் பிழைத்துவந்த ஊர் இது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு டிப்ளமா படிப்பு நடத்தும் கல்லூரியும் இங்கே இருக்கிறது.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குப் பக்கத்து ஊரான நெய்வேலியே காரணம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்காகத் துளை போட்டபோது தண்ணீரோடு பழுப்பு நிறத்தில் ஏதோ வந்தது. அங்கிருந்து ஆரம்பித்த தேடல் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமாக முடிந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. கழுவிச் சுத்தம் செய்தால் பீங்கானுக்கு ஆகும் மண் அது. நிலக்கரிக்காக வெட்டியபோது கையில் கிடைத்த இந்த மண்ணுக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. விருத்தாசலம் அதை எடுத்துக்கொண்டது.

அந்த வெள்ளை மண்ணைச் சுற்றிலும் சிவப்பு. விருத்தாசலத்துக்குக் கிழக்கே விரிந்து கிடப்பது புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று சொல்லும் செம்பாறை. முந்திரிக்காடுகள் நிற்பது அதன் மேல்தான். மேற்கே போனால் கெட்டிப்பாறை. இரண்டுக்கும் இடையில் கடல் இங்கே வந்துபோன காலத்துக் கிளிஞ்சல்களைச் சுமக்கும் கிரெட்டேசியஸ் பாறைகள். ஆங்கிலேயப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1860களிலேயே திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி என்று அவற்றை மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதிவைத்தார். கிழக்கே தெரியும் சிவப்பெல்லாம் இரும்பின் சிவப்பு. லட்சக்கணக்கான ஆண்டுகள் காற்றும் மழையும் பட்டுத் துருவாகிப்போன இரும்பு அது.

இரும்புக்கும் இந்த ஆற்றுப் படுகைக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற, கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி 1830இல் இரும்பு உருக்கும் ஆலையை நிறுவினார். சேலத்து மலைகளின் காந்த இரும்புக் கனிமம், தென்னாற்காட்டுக் காடுகளின் மரக்கரி, இங்கிலாந்து பாணி உலை. ஆலை வார்த்த இரும்பு ஷெஃபீல்டு வரை போனது. கரிக்கு மரம் வெட்டி வெட்டிக் காடு தூரப் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனி கடனில் மூழ்கியது. 1860களில் உலை அணைந்தது. கனிமத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி இரும்பாக்குவதற்கு எவ்வளவு காட்டை எரிக்கவேண்டும் என்பதற்குப் பரங்கிப்பேட்டை ஒரு கணக்கு. அந்த எரிப்பில் கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கு இரும்புக்குள் சேமிப்பாக இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து அந்தச் சேமிப்பைத் திருப்பிக் கொடுக்கிறது. யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மீதிக் கதை இருக்கிறது.

குயவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலை எலக்ட்ரான் என்ற பெயரில்லாமலேயே அறிந்திருந்தார்கள். சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால் களிமண்ணில் இருக்கும் இரும்பு முழுக்க ஆக்சிஜனேறிப் பானை சிவப்பாகும். வாயை அடைத்துப் புகையை உள்ளேயே திணறவிட்டால் அதே இரும்பு ஆக்சிஜனை இழந்து, புகையின் கரியும் ஏறிப் பானை கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் ஒரே மண், ஒரே இரும்பு, இரண்டு நிறம். பீங்கான்காரர்களும் இதே வித்தையை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். காந்தத்துக்குச் சிக்காமல் களிமண்ணோடு கலந்து நிற்கும் கொஞ்ச இரும்பை என்ன செய்தாலும் வெளியேற்ற முடியாது. ஆனால் சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் அந்த இரும்பு தரும் மஞ்சள் சாயல் மறைந்து, லேசான நீலம் ஓடிய வெண்மை வரும். சீனப் பீங்கானின் குளிர்ந்த வெள்ளைக்குப் பின்னால் இந்தக் காற்றடைப்பு இருக்கிறது. ஆக, எலக்ட்ரான் வாங்குவதும் கொடுப்பதும் ஆய்வகத்துக்குள் பிறந்த புதுமை கிடையாது, சூளைக்காரரின் அன்றாடம்.

துருப்பிடிக்கும் இரும்புக்குச் சூளைக்கு வெளியேயும் வேலை உண்டு. தண்ணீரைச் சுத்தம் செய்ய அதைப் போடலாம் என்ற எண்ணமும் பழசுதான். 1881இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க, குஸ்தாவ் பிஷோஃப் கண்டுபிடித்த பஞ்சிரும்பு வடிகட்டியை அமைத்தார்கள். பெரிய தொட்டியில் இரும்பும் சரளையும் கலந்த படுகை. அதன் வழியே ஆற்று நீர். கொஞ்ச காலத்திலேயே துரு சேர்ந்து படுகை இறுகிவிட்டது. 1885இல் வில்லியம் ஆண்டர்சன் என்ற பொறியாளர் வேறு வழி செய்தார். கிடையாகச் சுழலும் ஒரு பீப்பாய்; அதன் உள்ளே தகடுகள்; பீப்பாய் சுற்றச் சுற்ற, தகடுகள் இரும்புத் துருவலை அள்ளி மேலே கொண்டுபோய் நீரின் ஊடே மழையாகக் கொட்டும். துகளோடு துகள் உரசுவதால் துரு ஒட்டாது. அழுக்கைப் பிடித்துக்கொண்டு துரு அடியில் படியும். தெளிந்த நீர் மேலே நிற்கும். குளோரின் வந்ததும் உலகம் இதை மறந்துபோனது. நூறு ஆண்டு கழித்து மறுபடியும் இரும்பைத் தொட்டவர்களும் அதே இறுகல் பிரச்சினையில்தான் போய் முட்டிக்கொண்டார்கள்.

மறுபிறப்பு கனடாவில், கிட்டத்தட்டத் தற்செயலாக நடந்தது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கில்லம் நிலத்தடி நீர் ஆய்வாளர். 1980களின் நடுவில் அவருடைய மாணவர் கிளென் ரெனால்ட்ஸ், கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கும் குழாய்கள் எந்தப் பொருளில் இருக்கவேண்டும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். டிரைகுளோரோஎத்திலீன் மாதிரியான கரைப்பான்கள் சில பிளாஸ்டிக்குகளில் ஊறி மறைந்துவிடும் என்பது தெரிந்த விஷயம். உலோகத்தில் ஊற வழியில்லை. ஆனால் உலோகக் குழாய்களில் வைத்த நீரிலும் கரைப்பான் குறைந்துகொண்டே வந்தது. சில ஆண்டுகள் அந்தக் கணக்கு ஓரமாகவே கிடந்தது. பிறகுதான் கில்லமுக்கு விளங்கியது: ஊறவில்லை, சிதைகிறது. இரும்பு துருப்பிடித்துக்கொண்டே எலக்ட்ரானைக் கொடுக்கிறது; அதை வாங்கிக்கொண்ட கரைப்பான் மூலக்கூறு தன்னிடமிருக்கும் குளோரினைக் கைவிடுகிறது. உலோகத் தூளால் பூச்சிக்கொல்லியை அழிக்கலாம் என்று 1972இலேயே அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவாகியிருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கில்லமும் ஸ்டெஃபனி ஓஹனசினும் 1991இல் ஒண்டாரியோவின் போர்டன் ராணுவ முகாமில் இதை மண்ணுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். நிலத்தடி நீர் ஓடும் பாதையில் குறுக்கே ஒரு பள்ளம். அதில் எடைக்கு 22 பங்கு இரும்புத் துருவல், 78 பங்கு மணல். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, தொட்டி இல்லை. நீர் தன் வேகத்தில் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. டிரைகுளோரோஎத்திலீனில் 90 சதவீதம் மறைந்தது. ஐந்து ஆண்டுகள் கண்காணித்தும் வேகம் குறையவில்லை.

அதுவரை உலகம் பின்பற்றிய முறை, அழுக்கு நீரைக் கிணறு கிணறாக இறைத்து மேலே கொண்டுவந்து சுத்தம் செய்வது. பல பத்தாண்டுகள் இறைத்தாலும் மண்ணில் ஒட்டியது மெல்ல மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். கரண்டு பில்லும் நிற்காது. போர்டன் பள்ளம் அதை மாற்றிக் காட்டியது. 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் முதல் வணிகச் சுவர் இறங்கியது.

தமிழ்நாட்டுக்கு மிகவும் வேண்டிய சுவர் அதற்குப் பிறகு வந்த ஒன்று. வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விமான தளம் இருக்கிறது. அங்கே குரோம் முலாம் பூசும் பட்டறை ஒன்று பல பத்தாண்டுகள் ஓடியது. தரை விரிசல் வழியே அமிலமும் குரோமியமும் இறங்கி, பக்கத்து ஆற்றை நோக்கி மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருந்தன. 1996 ஜூன் மாதம் அந்தப் பாதையில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரும்புத் துருவல் சுவரை இறக்கினார்கள். அகழ்கிற எந்திரமே பின்னால் இரும்பைக் கொட்டிக்கொண்டு போனதால் ஒரே நாளில் வேலை முடிந்தது. சுவரைத் தாண்டிய நீரில் குரோமியம் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் குரோமியத்தை அந்தச் சுவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

குரோமியம் இரண்டு முகம் கொண்ட உலோகம். மூன்று எலக்ட்ரான் இழந்த மூன்றாம் நிலையில் அது பச்சை நிறத்தூள், நீரில் எளிதில் கரையாது, நகராது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு அதைத் தெரியும். பீங்கானில் பச்சை வேண்டும் என்றால் கிளேஸில் கலப்பது குரோமிய ஆக்சைடைத்தான். ஆயிரத்து இருநூறு டிகிரி தீயிலும் பச்சை அசையாது. ஆறு எலக்ட்ரான் இழந்த ஆறாம் நிலையிலோ அது மஞ்சள். நீரில் கரைந்து ஓடும். களிமண் அதைப் பிடித்து நிறுத்தாது. உடலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இந்தியக் குடிநீர்த் தர அளவு ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆறாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவில் இருப்பது மூன்றே மூன்று எலக்ட்ரான்கள். ஓர் இரும்பு அணு முழுக்கத் துருவானால் கொடுப்பதும் மூன்று. காகிதக் கணக்கில் 52 கிராம் குரோமியத்தை மாற்ற 56 கிராம் இரும்பு போதும். மண்ணுக்குள் நீரும் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் பங்குக்கு வந்துவிடுவதால் பல மடங்கு தேவைப்படும். மாறிய குரோமியம், துருவோடு துருவாகக் கலந்து அங்கேயே தங்கிவிடும்.

இந்த மஞ்சள் நீர் தமிழ்நாட்டில் ஓடும் இடம் ராணிப்பேட்டை. 1970களின் நடுவிலிருந்து 1995 வரை அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை இயங்கியது. பாலாற்றுக் கரைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோம் உப்பைத் தயாரிப்பது அதன் தொழில். தயாரிக்கும் முறையைப் பார்த்தால் இந்தக் கதை முழுதும் அதற்குள்ளேயே இருக்கிறது. குரோமைட் கனிமம் என்பது இயற்கையில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மூன்றாம் நிலைக் குரோமியம். அதனால் யாருக்கும் தொல்லையில்லை. அதைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து, காற்றை அள்ளி அள்ளிக் கொடுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுப்பார்கள். எலக்ட்ரானை இழந்து அது ஆறாம் நிலைக்கு வரும். அப்போதுதான் நீரில் கரையும். அப்போதுதான் பிரித்தெடுக்க முடியும். பிறகு தோல் பதனிடுவதற்காக, சர்க்கரைப் பாகோ கந்தக டை ஆக்சைடோ கொடுத்து மறுபடியும் மூன்றாம் நிலைக்கு இறக்குவார்கள். விற்பனைக்குப் போகும் சரக்குக்கு அந்தக் கடைசிப் படி தவறாமல் நடக்கும். கழிவாக வெளியே வரும் சக்கைக்கு அந்தப் படி நடக்கவில்லை. கரைத்தெடுக்கப்படாமல் மீந்த ஆறாம் நிலைக் குரோமியத்தோடு அந்தச் சக்கை மேடு மேடாக வெட்டவெளியில் குவிந்தது.

ஆலை மூடியது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு அங்கேயே நின்றது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் இறங்கியது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1996 ஆகஸ்ட்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு பற்றிய தீர்ப்பைக் கொடுத்திருந்தது. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வுக் கணக்கும் அந்த வழக்கில் பதிவானது. தீர்ப்பு இருந்தும், கணக்கு இருந்தும், அந்த மேடு இத்தனை ஆண்டு நின்றது பெருங்கொடுமை. வேதியியல் தெரியாததால் வந்த தாமதம் அது என்று யாரும் சொல்லமுடியாது.

ஏனென்றால் வேதியியலைச் சென்னையிலேயே செய்து காட்டினார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் லிஜி பிலிப்பின் குழு, ராணிப்பேட்டை ஆலை மண்ணிலேயே வாழப் பழகிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தது. ஒரு கிராம் மண்ணில் 5.6 மில்லிகிராம் ஆறாம் நிலைக் குரோமியம் இருந்த அந்த மண்ணுக்குப் பாக்டீரியாவோடு சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் ஊட்டியபோது, இருபது நாளில் அத்தனையும் மூன்றாம் நிலைக்கு மாறியதாக 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். நிலத்தடி நீர்ப் பாதையில் பாக்டீரியாவையே சுவராக நிறுத்தும் சோதனையை 2011இல் வெளியிட்டார்கள். இரும்புக்குப் பதில் உயிர். எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் அதேதான்.

இரும்புத் துருவலை ஏழை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோன பெருமை வங்கத்துக்கு. மேற்கு வங்கத்தில் 1983இல் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கைகளில் கறுப்புப் புள்ளியோடு வந்த கிராமத்து மக்களைப் பார்த்து, குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பதைக் கண்டறிந்தார். எல்லைக்கு அந்தப்புறம் வங்கதேசத்தில் கோடிக்கணக்கானவர்கள் அதே நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். குஷ்டியாவில் பிறந்து அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராக இருந்த அபுல் ஹுஸ்ஸாமும் கூட்டாளிகளும் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த மூன்று மண்குட வடிகட்டியை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடம். மேல் குடத்தில் லேத் பட்டறையிலிருந்து வாங்கிய 3 கிலோ வார்ப்பிரும்புத் துருவலும் 2 கிலோ மணலும். நடுக்குடத்தில் மணலும் அடுப்புக்கரியும். அடிக்குடத்தில் குடிக்கும் நீர். இரும்பு துருவாகத் துருவாக, அந்தப் புதுத்துரு ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்ட்வெர்ப்பில் நடந்தது இங்கேயும் நடந்தது. சில மாதங்களில் துருவல் கட்டியாக இறுகி, நீர் இறங்க மறுத்தது. ஹுஸ்ஸாம் துருவலை முன்கூட்டியே பதப்படுத்தி, துளைகள் அடைபடாத ஒரு கூட்டுப் படுகையாக்கினார். சோனோ வடிகட்டி என்று அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. 2007இல் அமெரிக்கப் பொறியியல் கழகம் அதற்குப் பத்து லட்சம் டாலர் கிரெய்ங்கர் பரிசைக் கொடுத்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் டி. பிரதீப் உருவாக்கிய அம்ரித் வடிகட்டியும் இதே குடும்பம்தான். அங்கே ஆர்சனிக்கைப் பிடிப்பது மிக நுண்ணிய துகளாகச் செய்த இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு.

இரும்பைத் துருவலிலிருந்து நானோ அளவுக்குச் சிறிதாக்கும் போட்டி 1997 வாக்கில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வெய்-சியான் ஜாங் தொடங்கிவைத்தது. துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகும், வேலை வேகமாகும், பள்ளம் தோண்டாமல் குழாய் வழியே மண்ணுக்குள் செலுத்தலாம். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செலுத்திய இடத்திலேயே நின்றுவிடும், விலையும் கடுமை. ஆய்வகக் கட்டுரைகள் மலைபோல் வந்துவிட்டன. களத்தில் நீண்டகாலம் நின்று வேலை செய்து காட்டியதில் எலிசபெத் சிட்டியின் பட்டறைத் துருவலுக்கே முதல் மரியாதை.

அப்படியானால் ராணிப்பேட்டையில் ஒரு சுவரை இறக்கிவிடலாமா? இங்கே நிதானம் வேண்டும். எலிசபெத் சிட்டி கடலோர மணல். நீர் அங்கே பரவலாக, மெதுவாக நகரும். ஒரு நாளைக்கு 15 சென்டிமீட்டர் நகரும் நீர், 60 சென்டிமீட்டர் இரும்புக்குள் நான்கு நாள் தங்கிப் போகும். ராணிப்பேட்டைக்கு அடியில் இருப்பது கெட்டிப்பாறை. மேலே சில மீட்டர் சிதைந்த பாறை. அதன் கீழே விரிசல்களில் நீர் ஓடும். எந்த விரிசலில் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் சுவர் கட்டினால் நீர் சுவருக்கு அடியில் புகுந்து போய்விடும். இன்னொரு சிக்கல், அந்தக் கழிவில் கலந்த சுண்ணாம்பு. காரம் ஏறிய நீரில் இரும்பின் மேல் படலம் கட்டி, எலக்ட்ரான் வெளிவருவது மட்டுப்படும். ஆகவே மேட்டை முதலில் கையாளவேண்டும்: சக்கையில் மீந்த குரோமியத்தை ஃபெரஸ் சல்ஃபேட் மாதிரியான பொருளால் மூன்றாம் நிலைக்கு இறக்கி, மழை நுழையாத குழியில் மூடவேண்டும். ஏற்கெனவே நகர்ந்துபோன மஞ்சள் நீருக்கு, பாலாற்றை ஒட்டிய மணல் பகுதியில் இரும்பு உதவலாம். மேட்டை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் மட்டும் எழுப்புவது வீண் செலவு.

விருத்தாசலம் இருக்கும் மாவட்டத்தின் நிலம் வேறு மாதிரி. கிழக்கே போகப் போக மணற்கல்லும் ஆற்று மணலும் கடலோர வண்டலும். உப்பனாற்றங்கரையில் கடலூர் சிப்காட் ரசாயன வளாகம் இருக்கிறது; சுற்றியுள்ள கிராமங்களின் நிலத்தடி நீர் கெட்டது பற்றிப் பல ஆண்டுகளாக மக்களும் நீதிமன்றங்களும் பேசிவருகிறார்கள். பள்ளம் தோண்ட இடம் கொடுக்கும் மண் அங்கே இருக்கிறது. ஆனால் இரும்பு எல்லா மாசுக்கும் மருந்து கிடையாது. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள், ஆறாம் நிலைக் குரோமியம், ஆர்சனிக், சில சாயங்கள் வரை அதன் கை நீளும். பென்சீன் மாதிரியான பொருள்களையும் உப்பையும் அது தொடாது. எந்த ஆழத்தில், எந்தத் திசையில், என்ன ஓடுகிறது என்று கிணறு கிணறாக அளந்தபின்தான் மண்வெட்டியைத் தொடவேண்டும்.

அளப்பதற்கு அடுத்த படி நெடுங்குழாய்ச் சோதனை. மார்பளவு உயரக் கண்ணாடிக் குழாயில் துருவலும் மணலும் போர்டன் விகிதத்தில் நிரப்பி, கெட்ட நீரை அடியிலிருந்து நிலத்தடி வேகத்துக்கே மெல்ல ஏற்றி, உயரத்துக்கு ஒரு துளை வைத்து மாதிரி எடுப்பார்கள். ராணிப்பேட்டை நீரை ஏற்றினால் மஞ்சள் எந்த உயரத்தில் மறைகிறது, ஒவ்வொரு மாதமும் அந்தக் கோடு எவ்வளவு மேலேறுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் கோட்டின் உயரத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் சுவரின் அகலத்தைக் கணக்கிடுவார்கள்.

துருவலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கோயம்புத்தூரின் வார்ப்படச் சாலைகளையும் பம்ப் கம்பெனிகளையும் சுற்றியிருக்கும் பழைய இரும்பு வியாபாரிகள் சி.ஐ. போரிங் என்று சொல்லி மூட்டையில் கட்டி விற்பது இதே வார்ப்பிரும்புத் துருவல்தான். பெரும்பாலும் மறுபடி உலைக்கே போகிறது. மண்ணுக்குள் போடுமுன் அதிலிருக்கும் எந்திர எண்ணெயைப் போக்கவேண்டும். டெட்ராய்ட், சிகாகோ பக்கத்து ஆலைகள் வாகனத் தொழிற்சாலைத் துருவலைச் சூளையில், காற்றைக் கட்டுப்படுத்திச் சூடாக்கி, எண்ணெயை எரித்து, அளவுவாரியாகச் சலித்து விற்கின்றன. காற்று அதிகமானால் இரும்பு சூளையிலேயே துருவாகி வேலைக்கு ஆகாது. காற்றைக் குறைத்துச் சுடுவது, அளவாகச் சலிப்பது, காந்தத்தால் இரும்பைப் பிரிப்பது என்று இதற்கு வேண்டிய மூன்று வேலையும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் அறிந்தவை. காந்தத்தில் ஒட்டியதை இங்கே வைத்துக்கொண்டு மீதியைத்தான் கொட்டவேண்டியிருக்கும். டிப்ளமா மாணவர்களின் ஒரு வருடப் புராஜெக்டுக்கு ஒரு மூட்டை போரிங், ஒரு சிறிய கேஸ் சூளை, நான்கு கண்ணாடிக் குழாய், ராணிப்பேட்டையிலிருந்து பாதுகாப்பாகக் கொண்டுவந்த சில கேன் தண்ணீர் போதும்.